நாய்க்குட்டிக் கூண்டு: 14 மாதம் கழித்தும் அந்தத் தட்டு

மேலூரில் இருக்கும் நண்பன் கன்னி இன நாய்க்குட்டி ஒன்று எடுக்கப் போகிறான். "மாப்ள, நீ வாங்கின கம்பிக் கூண்டு இப்ப 4,800ல இருந்து 3,500க்கு வந்திருச்சு, வாங்கலாமா?" என்று கேட்டான். அன்று காலையில்தான் கதவு மூலையில் விட்டுப்போன கம்பியைப் பற்றவைக்க, கூண்டைப் புதூர் கிரில் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வந்திருந்தேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். 42 அங்குலம், மடக்கும் வகை, உள்ளே நகர்த்தி மாட்டும் தடுப்பு, அடியில் தகரத் தட்டு. மற்ற விவரமெல்லாம் விற்கிற இடத்திலேயே இருக்கிறது.

எங்கள் மல்லி ராஜபாளையம் குட்டி. 50 நாள் குட்டியாக இருக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் வழியாக மடியில் வைத்தே கொண்டுவந்தோம். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு என்பதால், வாங்கும்போதே அதன் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தேன். சட்டென்று திரும்பியது. நல்ல காது. அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் இந்தத் தட்டோடு அது மாரடிக்க வேண்டியிருந்தது.

முதல் ராத்திரி கூண்டை ஹாலில் வைத்தேன், அது என் தப்பு. ஒரு மணி வரைக்கும் கத்தல். அம்மா எழுந்து வந்து, "தாயிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டாந்த பச்சப்புள்ளைய இருட்டுல தனியாப் போட்டா கத்தாம என்ன செய்யும், உன் பக்கத்துல கொண்டு போய் வையி" என்றார். கட்டிலை ஒட்டி வைத்து, தாய் படுத்திருந்த சாக்கில் வெட்டி வாங்கிவந்த துண்டை உள்ளே போட்டு, கம்பிக்குள் இரண்டு விரலை நீட்டினேன். மூக்கை விரலில் வைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, கண் செருகியது. அப்புறம் பின்னங்காலை நீட்டியது. தட்டு 'டங்' என்றது. திடுக்கிட்டு எழுந்து மறுபடி முதலில் இருந்து அழுகை. அந்த ஒரு ராத்திரியில் இது எத்தனை முறை நடந்தது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

தட்டின் நடுப்பகுதி மேல்நோக்கி உப்பியிருக்கிறது, எடை ஏறினால் உள்ளே அமுங்கும், இறங்கினால் திரும்ப எழும்பும், இரண்டுக்கும் சத்தம். விற்றவர்களுக்குப் போன் செய்தால் "தகரம்னா சத்தம் வரத்தான் சார் செய்யும்" என்கிறார்கள். சைக்கிள் டியூபை வெட்டி மூலைக்கு மூலை வைத்தேன், இரண்டே நாளில் அதை இழுத்துக் கடிக்க ஆரம்பித்தது, விழுங்கிவிட்டால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும் என்று பதறி எடுத்துவிட்டேன். கடைசியில் தட்டுக்கு அடியில், வாய்க்கு எட்டாத மாதிரி, கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போட்டதில் பாதிச் சத்தம் குறைந்தது.

இவ்வளவு திட்டிவிட்டு அந்தத் தடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. குட்டி தான் படுக்கிற இடத்தை நனைக்க விரும்பாது, ஆனால் இடம் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து இன்னொரு மூலையில் ஒன்றுக்குப் போய்விடும். தடுப்பை நெருக்கி, நின்று திரும்பிப் படுக்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு, அது வளர வளரத் தள்ளிக்கொண்டே போனோம். அந்த வயதில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கத் தெரியாது. அதனால் ஏழு மணிக்குச் சாப்பாடு முடித்து, இரவு 2 மணிக்கும் 4.30க்கும் அலாரம் வைத்து, அது அழுவதற்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு போய் மருதாணிச் செடி ஓரத்தில் விட்டு, விளையாட்டுக் காட்டாமல், லைட் போடாமல் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தேன். தெருவில் மட்டும் இறக்கவில்லை. குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும், தடுப்பூசி முழுதாக முடியும் வரை வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது வாரத்தில் ஒரு அலாரம் போதுமென்று ஆனது. கூண்டுக்குள் ஒருநாள்கூட நனைக்கவில்லை.

கூண்டின் மேல் போர்வை போர்த்தச் சொல்லி வீடியோக்களில் காட்டுகிறார்கள். மதுரை வெயிலுக்கு அது வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மெல்லிய வேட்டியைத் தொங்கவிட்டு, ஃபேன் காற்று போகிற மாதிரி வைத்தால் போதும்.

போன சித்திரையில், அழகரை மதுரைக்குள் வரவேற்கிற எதிர்சேவை அன்று, மூன்றுமாவடிப் பக்கம் விடாமல் வெடிச் சத்தம். மல்லி கட்டிலுக்கு அடியில் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. திறந்திருந்த கூண்டுக்குள் தானாகப் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். பட்டறையில் கம்பியோடு சேர்த்துத் தட்டின் ஓரத்தையும் தட்டிச் சரிசெய்து தந்தார்கள், நேற்று ராத்திரி மூன்று மணிக்கு மறுபடி 'டங்'. 3,500 ரூபாய்க்கு விற்கிறவர்கள் அடித்தட்டை இன்னும் கொஞ்சம் கனமாகப் போட்டிருக்கலாம், குட்டி தூங்குவதற்கென்றே விற்கிற சாமானில் இதைக்கூடவா பார்க்க மாட்டார்கள்! முதல் மாதத்துக்கு உயரமான அட்டைப் பெட்டியைக் கட்டிலை ஒட்டி வைத்துச் சமாளி, அதற்குள் பட்டறையில் அளவு சொல்லிச் செய்துகொள், தடுப்பை மட்டும் மறந்துவிடாதே என்றேன்.

"அப்ப உன்னோடத பாதி விலைக்குக் குடுத்துரு மாப்ள, நான் அடியில பலகை போட்டுக்கிறேன்" என்றான். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மல்லி அதற்குள்தான் படுத்திருந்தது.