பழைய மடிக்கணினியில் இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நடுத்தர விலையில் மடிக்கணினி வாங்கியவர்களுக்கு, பெட்டியின் மேல் செயலியின் பெயரும் ரேமின் அளவும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது நினைவிருக்கும். உள்ளே இருக்கும் வைஃபை கார்டு எந்த வகை என்பது பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. விலையைக் குறைக்க நினைக்கும் நிறுவனங்கள் முதலில் கை வைக்கும் பாகங்களில் அதுவும் ஒன்று. என் மடிக்கணினியிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும் சாதாரண 802.11என் (பழைய வைஃபை 4 தலைமுறை) கார்டுதான் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் கூட்டிய பிறகு அந்தக் கணினி இன்றைய வேலைகளுக்குத் தாராளமாக ஈடுகொடுக்கிறது. ஆனால் காணொளிக் கூட்டங்களில் படம் உறைந்து நிற்பதும் குரல் துண்டு துண்டாகப் போவதும் மட்டும் ஓயவில்லை. எனவே அந்தக் கார்டைக் கழற்றிவிட்டு, 2,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலைக்குக் கிடைத்த இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டை மாட்டினேன்.

வீட்டைச் சொல்லாமல் வைஃபையைப் பற்றிப் பேச முடியாது. எங்களுடையது கும்பகோணத்தின் பழைய தெருவீடுகளில் ஒன்று: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லைப்புற அறை என்று நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். குறுக்குச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை, ஒரு முழத்துக்குக் குறையாத கனம். இருபுறச் சுவரும் அண்டை வீட்டாரோடு பொதுவானது என்பதால் அவர்களுடைய ரவுட்டர்களின் அலைகளும் எங்கள் கூடத்தில்தான் குடியிருக்கின்றன. ஃபைபர் இணைப்பின் பெட்டி ரேழியில் இருக்கிறது. நான் வேலை செய்யும் மேசையோ கொல்லைப்புற அறையில்.

பழைய கார்டு ஏன் திணறியது என்பதற்கு விடை அதன் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. ஒற்றை அலைத்தடம் கொண்ட, அதாவது ஒரே நேரத்தில் ஒரே ஒரு தகவல் ஓடையை மட்டும் அனுப்பும் 802.11என் கார்டு, வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில், காகிதக் கணக்கில்கூட விநாடிக்கு 72 மெகாபிட்டுக்கு மேல் போகாது. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்ல நாள். போதாக்குறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. தெருவிலுள்ள அத்தனை ரவுட்டர்களும் அந்த மூன்றைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்; புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் புழங்குகின்றன. இந்நிலையில் இணையத் திட்டத்தை 100 மெகாபிட்டிலிருந்து 300 ஆக உயர்த்தினாலும் இந்த மடிக்கணினிக்கு ஒரு நயா பைசா பயன் இருந்திருக்காது. திட்டத்தை மாற்றுவதற்கு முன் கார்டைப் பார்க்க வேண்டும் என்று நான் பலருக்கும் சொல்வது இதனால்தான்.

ஏஎக்ஸ்210 கார்டு 2020ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. இரண்டு ஆன்டெனாக்களைப் பயன்படுத்தும், 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் மூன்றிலும் இயங்கும். 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் விநாடிக்கு 2.4 கிகாபிட் வரை இணைப்பு வேகம் காட்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. கார்டு எம்.2 என்ற ஸ்லாட் வகைக்கானது; அளவு 2230, அதாவது 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும். வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டிய முதல் விஷயம், இதன் பெயரை ஒத்த ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகிய கார்டுகள் உருவத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளமைப்பில் வேறானவை என்பது. அவற்றின் மூளையில் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே இருப்பதால், அதற்கு ஏற்ற இன்டெல் கணினிகளில் மட்டுமே அவை வேலை செய்யும். ஏஎக்ஸ்210 அப்படியல்ல; வழக்கமான பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் பேசும் முழுமையான கார்டு என்பதால் ஏஎம்டி செயலி உள்ள மடிக்கணினியிலும் ஓடும். விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று 201ஐ வாங்கிப் பழைய கணினியில் மாட்டினால் விண்டோஸுக்கு அது கண்ணிலேயே படாது.

இரண்டாவதாக, மடிக்கணினியின் அடிமூடியைத் திறந்து, பழைய கார்டிலிருந்து எத்தனை ஆன்டெனா கம்பிகள் கிளம்புகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட வேண்டும். மலிவான மாதிரிகளில் ஒரே ஒரு கம்பியோடு விட்டிருப்பார்கள். அதில் இந்தக் கார்டை மாட்டினால் கொடுத்த காசில் பாதி வீண். எனக்கு இரண்டு கம்பிகள் இருந்தன. இன்னும் பழைய கணினிகளில் எம்.2 ஸ்லாட்டுக்குப் பதிலாக மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருக்கும். அவற்றில் இந்தக் கார்டு நேரடியாகப் பொருந்தாது. சில பழைய திங்க்பேட் மாதிரிகளில் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டிவிட்டுக் கணினியைத் தொடங்கவே மறுத்துவிடும். அண்மைக்கால மாதிரிகளில் இந்தக் கெடுபிடி பெரும்பாலும் ஒழிந்துவிட்டது.

மாட்டுவது கடினமான வேலையல்ல, ஆனால் பொறுமை கேட்கும். அடிமூடியைத் திறந்ததும் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கார்டைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணி. அதை எடுத்தவுடன் கார்டு தானாகவே சாய்வாக எழும்பி நிற்கும். சோதனையெல்லாம் ஆன்டெனா கம்பிகளில்தான். கம்பியின் நுனியில் உள்ள பித்தளை வளையம் ஓர் அரிசிமணியைவிடச் சிறியது. அதைக் கார்டின் முனைக்கு நேர் மேலே வைத்து, சாயாமல் அழுத்தினால் பிரஸ் பட்டன் விழுவதுபோல் மெல்லிய ‘டக்’ ஒன்று விரலுக்குத் தெரியும். அது தெரியாமல் இன்னும் வேகமாக அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும். இந்த இணைப்பிகள் அடிக்கடி மாட்டிக் கழற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், மாட்டும்போதே சரியாக மாட்டிவிடுவது நல்லது. எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை.

டிரைவர் விஷயத்தில் ஒரு கோழி-முட்டைச் சிக்கல் இருக்கிறது: கார்டு இயங்க டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும். பழைய கார்டு இருக்கும்போதே இன்டெல் தளத்திலிருந்து வைஃபை, புளூடூத் இரண்டுக்குமான டிரைவர்களை இறக்கி வைத்துக்கொள்வது முறை. மறந்துபோனால் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் டேட்டாவைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் 64 பிட் பதிப்புகளுக்கே டிரைவர் உண்டு. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். லினக்ஸில் அதன் மையக்கருவான கெர்னலின் 5.10 பதிப்பு முதல் ஆதரவு கெர்னலிலேயே இருக்கிறது. புளூடூத் மட்டும் எம்.2 ஸ்லாட்டில் உள்ள யூஎஸ்பி தடத்தின் வழியாக வேலை செய்வதால், அந்தத் தடம் இல்லாத சில ஸ்லாட்டுகளில் வைஃபை ஓடும், புளூடூத் ஓடாது. இது கார்டின் பழுதல்ல.

வீட்டில் அது தரும் பலனுக்கு வருகிறேன். எங்கள் இணைய நிறுவனம் கொடுத்திருக்கும் பெட்டி வைஃபை 5 வகை. 6ஆம் தலைமுறையும் அல்ல, 6 கிகாஹெர்ட்ஸும் அதில் இல்லை. எனவே கார்டின் பெருமையில் பாதி எங்கள் வீட்டில் வேலையற்றுக் கிடக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியிருந்தும் கூடத்தில் ஊஞ்சலுக்கு அருகே உட்கார்ந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் இணைப்பு வேகம் 866 என்று காட்டுகிறது. இரண்டு அலைத்தடங்கள், 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்ற கணக்குக்கு அதுவே உச்சம். 100 மெகாபிட் திட்டம் அங்கே ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கிறது. முற்றத்தைத் தாண்டியும் பெரிய சரிவு இல்லை, ஏனென்றால் திறந்த முற்றத்தில் அலையை மறிக்க ஒன்றுமில்லை. அடுக்களைச் சுவரைக் கடந்ததும் கதை மாறுகிறது. அலையின் அதிர்வெண் கூடக்கூடக் கனத்த சுவரில் அதன் பலம் அதிகமாகக் கரையும் என்பதால், கொல்லைப்புற அறையில் இணைப்பு வேகம் 200க்குக் கீழே இறங்கிவிடுகிறது. வேகச் சோதனையில் அங்கே திட்டத்தின் பாதியும் அதற்குச் சற்று மேலும் வருகிறது. இரும்பு பீரோ ஒன்று நேர்க்கோட்டில் நின்றிருந்தது. அதை எதிர்ச் சுவருக்குத் தள்ளியதில் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் இருந்தது.

வேக எண்ணைவிட நான் மதிப்பது அதன் நிதானத்தை. பழைய கார்டில் சராசரி வேகம் ஒரு காணொளிக் கூட்டத்துக்குப் போதுமானதாகவே இருந்தது. கெடுத்தது இடையிடையே வந்த தாமதம்தான். மாலை ஆறு மணிக்கு மேல், தெருவில் எல்லா வீட்டுத் தொலைக்காட்சிகளும் இணையத்தில் தொடர் ஓட்டத் தொடங்கும் நேரத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலில் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போன பிறகு அந்தக் காத்திருப்பு ஏறத்தாழ மறைந்துவிட்டது. கனத்த சுவர்கள் இங்கே எனக்குச் சாதகமாகவும் வேலை செய்கின்றன: என் அலையைத் தடுக்கும் அதே சுவர்தான் அண்டை வீட்டாரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலையையும் தடுத்து நிறுத்துகிறது.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மெதுவாகப் பேசும் கருவி அதே அளவு தகவலை அனுப்ப அதிக நேரம் எடுத்துக்கொள்வதால், மற்றவை அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். என் மடிக்கணினி 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு வெளியேறியதில், அதே அலைவரிசையை நம்பியிருக்கும் பழைய தொலைக்காட்சிக்கும் அம்மாவின் கைப்பேசிக்கும் இடம் கிடைத்தது. மடிக்கணினிக்குச் செய்த செலவில் தொலைக்காட்சித் திரையில் காத்திருப்பு வட்டம் சுற்றுவது நின்றது, நான் எதிர்பார்க்காத இலாபம்.

160 மெகாஹெர்ட்ஸ் என்ற விளம்பர வாசகத்துக்கு மயங்க வேண்டியதில்லை. இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது என்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவ்வளவு அகலமான சேனலை வழங்கும் ரவுட்டர் வேண்டும், அகலம் கூடக்கூட இரைச்சலும் கூடி எட்டும் தூரம் குறையும். 6 கிகாஹெர்ட்ஸைப் பொறுத்தவரை, அதன் கீழ்ப்பகுதியான 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்துக்கு உரிம விலக்கு அளிக்கும் வரைவு விதிகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. அதற்கேற்ற ரவுட்டரும் விண்டோஸ் 11உம் இருந்தால் கார்டு தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுச் சுவர்களைப் பார்க்கும்போது அது ரேழியையும் கூடத்தையும் தாண்டும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இதற்கு மாற்று, கடைகளில் கிடைக்கும் யூஎஸ்பி வைஃபை டாங்கிள். மூடியைத் திறக்கத் துணியாதவர்களுக்கும், ஒற்றைக் கம்பி மட்டும் உள்ள கணினி வைத்திருப்பவர்களுக்கும் அதுவே வழி. ஆனால் நகத்தளவே உள்ள குட்டி டாங்கிள்களைத் தவிர்த்துவிடலாம்; அவ்வளவு சிறிய ஆன்டெனாவிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. யூஎஸ்பி 3.0 இணைப்புகளிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது, ஆகவே கம்பியில்லா மவுஸ் பயன்படுத்துபவர்கள் அதன் ரிசீவரை டாங்கிளுக்குப் பக்கத்திலேயே செருகக் கூடாது. லினக்ஸ் பயனர்களுக்குப் பல டாங்கிள்கள் டிரைவர் தொல்லை தரும். மடிக்கணினியின் திரைச் சட்டத்துக்குள் உயரத்தில் ஓடும் ஆன்டெனாக்களைப் பயன்படுத்தும் உள் கார்டே என் தேர்வு. பையில் வைக்கும்போது ஒடியும் பொருள் எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது என்பது கூடுதல் வசதி.

குறைகளும் உண்டு. இரண்டு அலைவரிசைகளுக்கும் ரவுட்டரில் ஒரே பெயர் வைத்திருந்தால், கொல்லைப்புறத்தில் கார்டு சில சமயம் 2.4க்கு இறங்கி, கூடத்துக்குத் திரும்பிய பிறகும் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் சென்று, விரும்பும் அலைவரிசை 5 கிகாஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்த பின் அது பெரும்பாலும் அடங்கியது. மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை அணைத்துக்கொள்ள விண்டோஸுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அனுமதியையும் எடுத்துவிட்டேன், தூக்கத்திலிருந்து எழுந்ததும் இணைப்பு பிடிக்கத் தாமதமானதால்.

ஏற்கெனவே இரட்டை ஆன்டெனாவுடன் வைஃபை 5 கார்டு உள்ளவர்கள், வைஃபை 6 ரவுட்டர் வாங்கும் எண்ணமும் இல்லையென்றால், இதை வாங்க வேண்டியதில்லை. வித்தியாசம் எண்ணில் தெரியுமே தவிர வேலையில் தெரியாது. அந்தப் பணத்தை ரவுட்டரை வீட்டின் நடுவே கொண்டுவரும் கம்பிக்குச் செலவிடலாம். ஒற்றை அலைத்தட 802.11என் கார்டோடு காலம் தள்ளுபவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

இணையச் சந்தையில் பெட்டியில்லாமல் வெறும் உறையில் விற்கப்படும் கார்டுகளே அதிகம் என்பதால், கையில் கிடைத்ததும் ஒட்டுச்சீட்டில் ஏஎக்ஸ்210என்ஜிடபிள்யூ என்ற மாதிரிப் பெயர் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே சீட்டில் இருக்கும் பன்னிரண்டு எழுத்து வன்பொருள் முகவரியும் (மேக் அட்ரஸ்), மாட்டிய பிறகு விண்டோஸ் காட்டும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடலாம். அதுவரை பழைய கார்டையும் அதன் திருகாணியையும் தூக்கிப் போட வேண்டாம்.