தமிழில் குறிப்பு எழுதுபவருக்கு எந்த ஸ்கிரிப்ட் மொழி?

குறிப்புகளை ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் என் விக்கி முழுக்கத் தமிழில்தான் இருக்கிறது. விம் வழி வந்த உரைத் தொகுப்பியான நியோவிம், அதில் விக்கி எழுத உதவும் விம்விக்கி ப்ளகின், பக்கத்துக்கு ஒரு உரைக் கோப்பு, அவ்வளவுதான். அதில் சின்னச் சின்ன வசதிகளை நாமே எழுதிச் சேர்க்கும்போதுதான் கேள்வி வருகிறது: விம்ஸ்கிரிப்டா, லுவாவா, பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா? வேகம், எளிமை என்று பலரும் ஒப்பிடுவார்கள். அந்த மொழிக்குத் தமிழ் எழுத்து எப்படித் தெரிகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பைத்தானில்தான் தொடங்கினேன். ஹாஷ் போட்டு எழுதியிருந்த குறிச்சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உருவாக்க ஒரு ஸ்கிரிப்ட். இருபதே வரி. ஓட்டிப் பார்த்தால் 'சம' என்று ஒரு பக்கம் வந்து நின்றது. அதற்குள் மீன் குழம்பும் இருந்தது, கிராம சபைக் குறிப்பும் இருந்தது. சமையல், சமூகம் இரண்டையுமே 'சம' என்று வெட்டியிருந்தது. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் (உரையில் வடிவம் தேடும் முறை) நூலகத்தில் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' என்பது எழுத்து, எண், அடிக்கோடு இவற்றை மட்டுமே ஏற்கும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் ஐகாரக் குறியும் ஊகாரக் குறியும் புள்ளியும் எழுத்து அல்ல, சேர்க்கைக் குறிகள். அதனால் முதல் குறி வந்ததுமே சொல் முடிந்துவிட்டதாக நினைக்கிறது. தமிழின் யூனிகோடு வரம்பு முழுவதையும் ரெஜெக்ஸில் நாமே சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் பிழைச் செய்தி எதுவும் வராததால், சேர்க்க வேண்டும் என்பதே தாமதமாகத்தான் தெரியும்.

லுவா நியோவிம்முக்குள்ளேயே இருக்கிறது. 2021இல் வந்த 0.5 பதிப்பிலிருந்து அமைப்புக் கோப்பையே அதில் எழுதலாம். வேகமானது, படிக்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் உள்ளே ஓடுவது பொதுவாக லுவாஜிட், அதாவது லுவா 5.1 வழி வந்தது. லுவா 5.3இல் சேர்ந்த, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் யூடிஎஃப்-8 நூலகம் அதில் கிடையாது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்கிறது. அது பைட் கணக்கு. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் குறியையும் புள்ளியையும் தனியே எண்ணி 5 என்கின்றன. நம் கண்ணுக்கு 3.

விம்மின் சொந்த மொழியான விம்ஸ்கிரிப்ட் பார்க்கக் கரடுமுரடாக இருக்கும். மாறிகளுக்கு முன்னால் எழுத்தும் முக்காற்புள்ளியும் போடுவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் எழுத்து எண்ணும் அதன் செயற்கூற்றிடம் சேர்க்கைக் குறிகளை விட்டுவிடச் சொன்னால் 'தமிழ்' சரியாக 3. ரெஜெக்ஸில் சொல்லின் எழுத்தைக் குறிக்கும் 'பேக்ஸ்லாஷ் கே' போட்டால் தமிழ்ச் சொல் முழுசாகவே வருகிறது. இந்த வசதிகளை லுவாவிலிருந்தே கூப்பிடலாம் என்பதால், நியோவிம்மில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய சண்டை இல்லை. 2022இல் விம் 9உடன் வந்த புதிய ஸ்கிரிப்ட் மொழி மட்டும் நியோவிம்மில் ஓடாது.

அப்புறம் அகரவரிசை. இங்கேதான் ஜாவாஸ்கிரிப்ட் என் மனதை மாற்றியது. மற்ற மூன்றும் சும்மா வரிசைப்படுத்தச் சொன்னால் குறியீட்டு எண் வரிசையில்தான் அடுக்கும். யூனிகோடில் ந-வுக்கு அடுத்தே ன உட்கார்ந்திருக்கிறது, புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பிறகு. அதனால் 'மரம்' வருமுன் 'மனம்' வந்துவிடும், 'பக்கம்' போய் 'பகல்' என்பதற்குப் பின்னால் நிற்கும். எந்தத் தமிழ் அகராதியிலும் இப்படி இருக்காது. ஜாவாஸ்கிரிப்டின் 'இன்டல் கொலேட்டர்' வசதிக்குத் தமிழ் என்று ஒரு சொல் கொடுத்தால் போதும், மரத்துக்குப் பிறகே மனம் வருகிறது, பகலுக்கு முன்பே பக்கம் வருகிறது. எழுத்தெழுத்தாகப் பிரிக்கவும் அதே குடும்பத்தில் 'செக்மென்ட்டர்' இருக்கிறது.

டிட்லிவிக்கி, அப்சிடியன் போன்ற குறிப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், அவற்றுக்கு ஜாவாஸ்கிரிப்ட்தான். என்னைப் போல நியோவிம்மில் இருப்பவர்கள் எழுதும்போது உதவும் வேலைகளை லுவாவில் வைத்துக்கொண்டு, பொருளடக்கப் பக்கத்தை அடுக்கும் வேலையை மட்டும் வெளியே நோடில் (உலாவி இல்லாமல் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) ஓட்டலாம். ஆனால் நோட் 13ஆவது பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருக்கட்டும். அதற்கு முந்தியவற்றில் பொதுவாக ஆங்கில மொழித் தரவு மட்டுமே கூட வரும், தமிழ் வரிசை கிடைக்காது. நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன். 'சம' பக்கத்தையும் அழித்துவிட்டேன். மீன் குழம்பு சமையலுக்குப் போய்விட்டது.