கல்லடி வெக்கையில் ஒரு சீனி மெஷின்: அக்யூ-செக் இன்ஸ்டன்ட்

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினொரு வருடம். நான் மட்டக்களப்பு கல்லடிக்குத் திரும்பி வந்த பிறகு வீட்டில் பாவிக்கிற இரண்டாவது மெஷின் இது. எட்டு மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை பார்க்கிறோம்.

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்து, பிறகு வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் 26 வருடம் மின்வாய்களோடுதான், அதாவது மின்னோட்டம் போய்வருகிற முனைகளோடுதான், என் வேலை. தொடங்கிய காலத்தில் பாதரசத் துளியில் அளந்தோம். கருவி மேசையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கார்பன் மையைப் பிளாஸ்டிக் தகட்டில் அச்சடித்து மின்வாய் செய்யப் பழகினேன். ஒரே தகட்டில் அச்சான நாற்பதும் ஒரே அளவு மின்னோட்டம் தரவேண்டுமே என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். மெஷினில் செருகி இரத்தம் தொடுகிற ஸ்ட்ரிப்பும் மின்வாய் உள்ள ஒரு சின்னத் தகடுதான். அதனால் ஒரு போத்தலுக்குள் இருக்கிற அத்தனை ஸ்ட்ரிப்பும் ஒன்றுபோல வேலை செய்வதைப் பார்க்கையில் எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது.

ஸ்ட்ரிப்பின் மஞ்சள் விளிம்பில் இரத்தத்தைத் தொட்டால் போதும், தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். 0.6 மைக்ரோலீட்டர்தான் தேவை. விளிம்பின் எந்த இடத்தில் தொட்டாலும் ஏற்றுக்கொள்வதால் கை நடுங்குகிற அம்மாவே தனியாகச் செய்கிறார். “ஒள்ளுப்பம் இரத்தம்தானே புள்ள, நானே பார்க்கிறன்” என்று என்னிடமிருந்து வாங்கிவிட்டார். நாலு செக்கனுக்குள் இலக்கம் வந்துவிடும். பக்கத்தில் உள்ள வர்ணக் கோட்டை அம்பு காட்டுவதால் கண்ணாடி போடாமலே கூடவா குறைவா என்று தெரிந்துகொள்கிறார்.

உள்ளே நடப்பது இதுதான்: நொதியம் குளுக்கோசிடமிருந்து இலத்திரன்களை எடுக்கிறது, அவை மின்வாய்க்குப் போகின்றன, அந்தச் சின்ன மின்னோட்டத்தை மெஷின் இலக்கமாக மாற்றுகிறது. 1962இல் லீலண்ட் கிளார்க், லயன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒட்சிசனை அளக்கிற மின்வாயின் மேல் நொதியத்தை வைத்த யோசனைதான் இதற்கெல்லாம் வேர். அந்த நொதியம் இலத்திரனை ஒட்சிசனிடம் கொடுக்கும். ஆகவே இரத்தத்தில் ஒட்சிசன் கூடிக் குறைந்தால் விடையும் ஆடும். இந்த ஸ்ட்ரிப்பில் உள்ளது வேறு நொதியம், ஒட்சிசனை எதிர்பார்க்காதது. மூச்சு வருத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இது பெரிய விஷயம்.

சரி, கணக்கு எவ்வளவு நம்பலாம்? கிளினிக்குக்கு இரத்தம் கொடுத்த அதே நேரத்தில், வெறும் வயிற்றில், விரலிலும் பார்த்தேன். ஆய்வுகூடம் 132 மி.கி./டெ.லீ., மெஷின் 141. இன்னொரு மாதம் 118க்கு 113. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 2013ஆம் ஆண்டுத் தரப்படி 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 தடவை 15 சதவீதத்துக்குள் நின்றால் போதும். இது அதற்குள் வசதியாக நிற்கிறது. 141ஐயும் 132ஐயும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பயந்தது ஒரு நாள்தான். ஆனி மாதம், பின்னேரம், 312 காட்டியது. அம்மாவுக்கு ஒரு மாற்றமும் இல்லை, கதைத்துக்கொண்டு இருக்கிறார். விரலைப் பிடித்து மணந்து பார்த்தேன். மாம்பழ வாசம். பேரப்பிள்ளைக்குப் பழம் அரிந்து கொடுத்துவிட்டு, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தியிருக்கிறார். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, மறுகா பார்த்தால் 148. மெஷின் பிழை சொல்லவில்லை. அந்தத் துளியில் பழத்தின் குளுக்கோசும் இருந்தது, அதையும் சேர்த்து அளந்தது. 312ஐ நம்பி யாராவது மருந்தைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். பஞ்சை நம்பாதீர்கள், கையைக் கழுவுங்கள்.

அப்புறம் எங்கள் ஊர்க் காற்று. முதல் மெஷினைக் குற்றம் சொல்லித் தூக்கிப் போட்டேன். அடுத்தடுத்து மூன்று தடவை பார்த்தால் 190, 131, 224. பிறகுதான் யோசித்தேன்: ஸ்ட்ரிப் வாங்கிய கடையில் பெட்டி வெயில் படுகிற கண்ணாடித் தட்டில் இருந்தது, வீட்டிலும் போத்தல் மூடி அரைகுறையாகத்தான் இருந்தது. ஈரப்பதன் பட்டால் நொதியம் கெடும். இன்ஸ்டன்ட் ஸ்ட்ரிப்பை 4 முதல் 30 பாகை செல்சியசுக்குள் வைக்கவேண்டும். கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கிற நாட்களில் எங்கள் குசினிக்குள் அதைவிடக் கூட. போத்தல் இப்போது அம்மாவின் அறையில், அலுமாரியின் அடித்தட்டில், சாறிகளுக்குள். அங்கே வெப்பமானி வைத்துப் பார்த்தேன், மதியத்திலும் 29தான். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டாம். வெளியே எடுத்துத் திறந்ததும் உள்ளே நீர் படியும்.

குறை என்று பார்த்தால் ஸ்ட்ரிப் செலவு, அது எல்லா மெஷினுக்கும் பொருந்தும். இரண்டு தடவை பார்த்தால் 50 உள்ள பெட்டி 25 நாளில் முடிந்துவிடும். வாங்குமுன் மாதக் கணக்கு போட்டுப் பாருங்கள். இன்சுலின் போடாதவர்கள் எத்தனை தடவை பார்ப்பது என்று வைத்தியரிடம் கேட்டுக்கொண்டால் செலவு மிச்சமாகலாம்.

கடையில் காலாவதித் திகதியைப் பார்ப்பதோடு, பெட்டியை எங்கிருந்து எடுத்துத் தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். நான் இப்போது குளிரூட்டிய பாமசியில், உள்ளே அடுக்கியிருக்கிற பெட்டியைத்தான் கேட்டு வாங்குகிறேன். யன்னலோரம் இருப்பதைத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.