செல் போட்டா ஓடும்

காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு, ஒரு பழைய ஃபிலிம் கேமராவுக்கு 4,800 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். கூரியரில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி ஏமாந்த கதை இல்லை இது. கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பத்து முறை க்ளிக் செய்து பார்த்துத்தான் ஏமாந்தேன்.

கேமரா யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என். 1973இல் வந்த மாடல். குடியாத்தத்தில் சித்தப்பா வீட்டில் இதே மாதிரி ஒன்று இருந்தது. விசேஷத்துக்கு மட்டும் பீரோவிலிருந்து வெளியே வரும், எங்களைத் தொட விடமாட்டார். அந்த ஆசை நாற்பது வயதில் மறுபடி தலைதூக்கியது. விளம்பரத்தைப் பார்த்ததும் போன் போட்டேன்.

"மாமா சிங்கப்பூர்ல இருந்து எடுத்துட்டு வந்ததுண்ணா, சூப்பரா கீது. செல் போட்டா ஓடும்" என்றான் அந்தப் பையன். அப்புறம் ஏன் செல் போடவில்லை என்று கேட்டேன். அந்த செல் இப்போது எங்கேயும் வருவதில்லையாம்.

இதில் பாதி உண்மை, அதுதான் வினை. இந்தக் கேமராவுக்கு முதலில் போட்டது 5.6 வோல்ட் பாதரச செல். பாதரசம் நஞ்சு என்று அந்த வகையையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் வாட்ச் கடையில் கிடைக்கிற எல்ஆர்44 பட்டன் செல் நான்கை அடுக்கி, தாளைச் சுற்றிக் குழாய் மாதிரி செய்து உள்ளே விட்டு, மீதி இடத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைத்தால் 6 வோல்ட் வந்துவிடும். கேமரா தாராளமாக ஏற்றுக்கொள்ளும். எங்கள் வேலூர் லாங் பஜாரில் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை நான் காட்பாடிக்குப் போவதற்கு முன்னால் செலவு செய்யவில்லை.

க்ளிக் விஷயத்துக்கு வருகிறேன். எலக்ட்ரோவில் செல்லே இல்லாவிட்டாலும் ஷட்டர் (ஃபிலிமுக்கு வெளிச்சம் விடும் கதவு) விழும். எந்த வெளிச்சத்திலும் 1/500 நொடியில் விழும், அவ்வளவுதான். ஆக நான் கேட்ட பத்து க்ளிக்கும் ஒன்றையும் நிரூபிக்கவில்லை. செல் போட்டபின் பின்பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் மேலே பச்சை விளக்கு எரிய வேண்டும். ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் துண்டு வயதாகிக் கூழாகிவிட்டது என்று பொருள், அதோடு வெளிச்சக் கணக்கும் போச்சு. இன்னொன்று, கேமராவை வெயிலில் காட்டி அழுத்தினால் ஷட்டர் சட்டென்று மூடும். முன்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு அழுத்தினால் பல நொடி திறந்தே இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சத்தம் வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போனதோ சாயங்காலம் ஆறரை மணி. பையன் சென்னை வண்டியைப் பிடிக்கணும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். லென்ஸில் டார்ச் அடித்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சத்துவாச்சாரியின் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால், லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. மறுநாள் செல் போட்டேன், பச்சை விளக்கு எரியவில்லை. செல் அறைக்குள் டார்ச் அடித்தேன். அடியில் இருக்கும் தகடு மட்டும் புதுக் காசு மாதிரி மின்னுகிறது, ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. பழைய செல் உள்ளேயே கசிந்து கிடந்திருக்கிறது. தெரியும் இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். பையனுக்குப் போன் செய்தேன். "செல்லு டூப்ளிகேட்டா இருக்கும்ணா" என்றான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

சரி, போனது போகட்டும், ரிப்பேர் செய்துகொள்ளலாம் என்று இறங்கினேன். இரண்டாவது அடி அங்கேதான்.

ஊரிலேயே ஒருவர் பழைய கேமரா பார்ப்பதாகச் சொன்னார்கள். கடையையும் ஆளையும் சொல்லப்போவதில்லை. 1,500 ரூபாய், பத்து நாள் என்றார். "அப்படியே பூஞ்சையையும் துடைச்சிடுங்க" என்று வாயை விட்டது நான்தான். பத்து நாள் நான்கு மாதமானது. போகும்போதெல்லாம் "பார்ட்ஸ் வரணும் சார்." கடைசியில் கைக்கு வந்தபோது பச்சை விளக்கு எரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஸ்க்ரூ தலைகள் எல்லாம் கடித்துக் குதறிய மாதிரி இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தங்கை மகனுக்கு வள்ளிமலையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை என்பதால் என்னால் எடுக்க முடியாத நேரத்தில் மச்சானிடம் கொடுத்து, மீதியை நானே எடுத்து, 36 படமும் முடித்தேன். ரோல், கழுவுகிற செலவு, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய் ஆனது. படம் வந்தது. வெளிச்சம் அருமை. ஆனால் ஒரு படத்திலும் குழந்தை முகம் தெளிவாக இல்லை. பின்னால் இருந்த தேங்காய்க் கடை மட்டும் பளிச்சென்று இருக்கிறது, அதில் தொங்கும் பூமாலையைக்கூட எண்ணிவிடலாம்.

மச்சான் கை நடுங்கியதோ என்று முதலில் நினைத்தேன் (பாவம், அவரிடம் சொல்லியும் விட்டேன்). அப்புறம்தான் ஒரு சோதனை செய்தேன். பின் கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் பட்டர் பேப்பர் ஒரு துண்டை இழுத்து ஒட்டி, ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்துத் திறந்து பிடித்துக்கொண்டு, மொட்டை மாடியில் தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அம்மா என்ன நினைத்தாரோ. மலைமேல் இருக்கும் செல்போன் டவர் தாளில் தலைகீழாக விழுந்தது. வெகு தூரத்துக்கான முடிவிலிக் குறியில் ஃபோகஸ் வளையத்தை வைத்தால் டவர் ஒரே மங்கல். வளையத்தைத் திருப்பித் திருப்பி 3 மீட்டர் குறிக்கு வந்ததும் கத்தி மாதிரி தெளிந்தது. லென்ஸைக் கழற்றிச் சேர்த்தபோது மரை தப்பான இடத்தில் பிடித்திருக்கிறது. ஒன்றரை மீட்டரில் இருந்த குழந்தைக்கு நான் ஃபோகஸ் செய்தால், லென்ஸ் 3 மீட்டரில் இருந்த தேங்காய்க் கடையைத்தான் பார்த்திருக்கிறது. போதாததற்குக் கண்ணாடியில் வட்ட வட்டமாகக் கீறல். எதையோ போட்டு அழுத்தித் துடைத்ததில் மேல்பூச்சும் போய்விட்டது.

எடுத்துக்கொண்டு ஓடினேன். "லென்ஸ் பழசு சார், அவ்ளோதான் வரும். கொடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்றார். இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ரசீது வாங்கவில்லை. கொடுப்பதற்கு முன்னால் லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் ஒரு படம், ஸ்க்ரூக்களை ஒரு படம், சீரியல் எண்ணை ஒரு படம் என்று போனிலேயே எடுத்திருந்தால் பேச வாயாவது இருந்திருக்கும். பட்டர் பேப்பர் சோதனையைக் கடையிலேயே செய்திருந்தால் காதுகுத்துப் படமாவது மிஞ்சியிருக்கும். அது இனி திரும்ப வராது.

இப்போதைக்குக் கேமரா மலைகளை எடுக்க மட்டும் பயன்படுகிறது. 3 மீட்டரில் வைத்துவிட்டால் மலை சரியாக வருகிறது.

போன வாரம் இன்னொரு எலக்ட்ரோ விளம்பரத்துக்கு வந்திருக்கிறது. வேறு பெயர், வேறு எண். ஆனால் கேமராவுக்கு அடியில் அதே சிவப்புப் பூப்போட்ட மேசை விரிப்பு, விலை 5,500, 'செல் மட்டும் போட வேண்டும்.' பார்க்க வரவேண்டிய இடம் காட்பாடியாம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்.