மதுரையில் ஓர் இரத்த நோய்ப் பிரிவு: ஆத்தாவுடன் மூன்று முறை சென்று வந்த பின்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 71 வயதான என் ஆத்தாவை அழைத்துக்கொண்டு கடந்த ஐந்து மாதங்களில் மூன்று முறை அந்தச் சாலையில் சென்று வந்திருக்கிறேன். சென்றது அங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்த நோய்ப் பிரிவுக்கு, இரண்டாவது கருத்துக் கேட்பதற்காக. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் நாங்கள் காட்டிய இடம் வேறு. அசதி என்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் புரதம் கூடுதலாக இருந்தது. எலும்பு மஜ்ஜையில், நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் 24 சதவீதம், ஹீமோகுளோபின் 9.6. அந்தச் செல்களில் வரும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமா என்றும், இரத்தச்சோகை வந்துவிட்டதால் நோய் உடலைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்றும், வரும் திங்கட்கிழமையே மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தொடங்க வேண்டும் என்றும் அங்கே கூறினார்கள். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மதுரையில் எங்களைப் பார்த்த மருத்துவர், சிகிச்சை என்ற சொல்லை முதல் இருபது நிமிடங்களுக்கு எடுக்கவே இல்லை. பழைய பரிசோதனைத் தாள்களில் அவர் தேடியது ஹீமோகுளோபினை அல்ல, சிவப்பணுக்களின் பருமனை. அது 70. மைலோமாவால் வரும் இரத்தச்சோகையில் பெரும்பாலும் அணுக்களின் அளவு இயல்பாகவே இருக்கும். இவ்வளவு சிறுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினார். கால்சியம், சிறுநீரகம், இரத்தச்சோகை, எலும்பு ஆகிய நான்கில் ஒன்று கெட்டிருந்தாலும் நோய் முற்றியதாகக் கொள்ளலாம் என்பது விதிதான். ஆனால் அந்தக் கேடு இந்த நோயால்தான் வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்த்தபோது 8தான் இருந்தது. அடுத்த கேள்வியை ஆத்தாவிடமே கேட்டார்: "ஆச்சி, முழங்கால் வலிக்கு என்ன சாப்பிடுறீங்க?" இரண்டு ஆண்டுகளாக மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகளின் கதை அப்போதுதான் வெளியே வந்தது, வீட்டில் இருக்கும் எங்களுக்கே அதுவரை தெரியாது. எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண் தென்பட்டது. மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்தும் இரும்புச்சத்து ஊசியும் கொடுத்தபின், ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் 11.8 ஆயிற்று. சிறுநீரகம், கால்சியம் இரண்டும் சரியாக இருந்தன. உடல் முழுவதும் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எலும்புகளில் பழுதில்லை. ஆக, ஆத்தாவுக்கு இருப்பது இன்னும் முற்றாத நிலை. நீறுபூத்த நெருப்பு என்று மருத்துவர் சொன்னது, ஸ்மோல்டரிங் மைலோமா என்ற அதன் ஆங்கிலப் பெயரைவிட எங்களுக்கு எளிதாகப் புரிந்தது.

கடினமான முடிவு அதன் பிறகுதான் வந்தது. மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 20 சதவீதத்துக்கு மேல், அந்தச் செல்கள் இரத்தத்தில் சுரக்கும் இயல்பற்ற புரதமான எம் புரதம் டெசிலிட்டருக்கு 2 கிராமுக்கு மேல், அத்தகைய புரதங்களின் சிறு துண்டுகளான இலகு சங்கிலிகளின் இரு வகைகளுக்கிடையிலான விகிதம் 20க்கு மேல் என்ற மூன்றில் இரண்டு இருந்தாலே விரைவில் முற்றக்கூடியது என்று கணிக்கிறார்கள். ஆத்தாவுக்கு முதல் இரண்டும் இருந்தன. இத்தகையவர்களுக்கு, மைலோமாவுக்குக் கொடுக்கும் டாராடுமுமாப் என்ற ஊசியை மூன்று ஆண்டுகள் வரை கொடுத்துப் பார்த்த அக்விலா ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் முற்றாமல் உயிருடன் இருந்தவர்கள், ஊசி போட்டுக்கொண்டோரில் நூற்றுக்கு 63 பேர், கண்காணிப்பில் மட்டும் இருந்தோரில் 41 பேர் என்று கணக்கிட்டிருந்தார்கள். இதைச் சொன்ன மருத்துவர், அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே மேற்சொன்ன கணிப்பின்படி கூடுதல் ஆபத்துள்ளவர்கள் என்பதையும், கண்காணிப்பிலேயே இருந்தும் ஐந்து ஆண்டுகளுக்கு முற்றாதவர்கள் பலர் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வியாழக்கிழமைகளில் இரத்த நோய், நோய்க்குறியியல், கதிரியக்க மருத்துவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில் ஆத்தாவின் தாள்களை வைத்தார்கள். ஊசியா, கண்காணிப்பா என்று அங்கே கருத்து இரண்டாகப் பிரிந்தது என்பதையும் எங்களிடம் சொன்னார்கள். எனக்கு முதலில் அது அச்சமாகத்தான் இருந்தது. பெரியவர்களே ஒத்துப்போகாத இடத்தில் நாம் என்ன செய்வது? யோசித்துப் பார்த்தால், ஒத்துப்போனதாகக் காட்டியிருந்தால் ஆத்தாவிடம் கேட்கவே தேவை இருந்திருக்காது. கேட்டார்கள். வீட்டில் உடன் யார் இருக்கிறார்கள், இரவில் காய்ச்சல் வந்தால் மதுரை வந்து சேர எவ்வளவு நேரமாகும், ஊசி தொடங்கினால் முதல் இரண்டு மாதம் வாரந்தோறும் வர முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்கு ஊரில் இருக்க வேண்டும், அதைத் தவறவிட மாட்டேன் என்பதுதான் ஆத்தாவின் பதில். மருத்துவர் சிரிக்காமல் அதையும் தாளில் குறித்துக்கொண்டார். இப்போதைக்குக் கண்காணிப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, எம் புரதம் தொடர்ந்து ஏறினால் உடனே மறுபரிசீலனை என்று முடிவாயிற்று. பின்னாளில் அந்த ஊசியைத் தொடங்க நேர்ந்தால், அது இரத்தப் பொருத்தச் சோதனையைக் குழப்பும் என்பதால், அதற்கு முன்பே இரத்த வங்கியில் விரிவான வகைப் பரிசோதனை செய்து வைக்க வேண்டும் என்றும் எச்சரித்தார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒன்றே முக்காலுக்கு அழைத்தார்கள். முதியவர்கள் சற்றுச் சாய்ந்துகொள்ள ஓர் இடமில்லை. பத்து நாள்களுக்கு முன் செய்த பரிசோதனைகளில் இரண்டை, காரணம் சொல்லாமல் மறுபடியும் எடுக்கவைத்துப் பணம் வாங்கினார்கள். அறைக்குள் அவ்வளவு அழகாகத் தமிழில் விளக்கியவர்கள், கையில் கொடுத்த அறிக்கையோ முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதில் கூட்டத்தின் முடிவு ஒரே வரி, காரணம் ஏதுமில்லை. கேட்ட பிறகே காரணங்களை எழுதித் தந்தார்கள். ஆலோசனைக் கட்டணம் 1,200 ரூபாய் என்பது எங்கள் பக்கத்துக்குக் கூடுதல்தான் என்றாலும், ஐம்பது நிமிடம் உட்கார வைத்துப் பேசியதற்கு நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

இத்தகைய இடத்துக்குச் செல்பவர்கள் மஜ்ஜைப் பரிசோதனையின் கண்ணாடித் தகடுகளை முதல் மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது என்று எங்களைத் திருப்பி அனுப்பியதால்தான் ஒரு பயணம் வீணானது. வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அனைத்தையும், லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.