பார்வையற்றோருக்கான லினக்ஸ் டெஸ்க்டாப்: மாட்டேயும் ஆர்காவும் நாள்பட்ட பயன்பாட்டில்

திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானான ஆர்காவைப் பேச வைப்பது பெரிய காரியமில்லை. மாட்டே டெஸ்க்டாப்பில் ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசும். அது வாயடைத்துப் போகும் இடங்களில்தான் சோதனையே.

டெபியன் என்ற லினக்ஸ் வகை என்றால் நிறுவும்போதே பேச்சோடு தொடங்குங்கள். பீப் ஒலி கேட்டதும் எஸ் அழுத்தி என்டர் தட்டவும். பல ஒலி அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் பேசிப் பார்க்கும். உங்கள் ஸ்பீக்கரில் குரல் கேட்கும்போதுதான் என்டர். இப்படி நிறுவினால் அணுகல் அமைப்புகள் நிறுவிய கணினியிலும் தொடரும்.

உள்நுழைவுத் திரை தனிப் பயனரின் கீழ் ஓடுவதால், உங்கள் கணக்கில் ஆர்காவை இயக்கி வைத்தது அங்கே செல்லாது. உள்நுழைவைக் கவனிக்கும் லைட்டிஎம் மென்பொருளின் ஜிடிகே திரையில் எஃப்4 தட்டினால் திரைவாசிப்பான் வரும். அதன் அமைப்புக் கோப்பில் ரீடர் என்ற வரிக்கு ஆர்கா என்று எழுதியிருக்க வேண்டும்.

திடீர் மௌனத்துக்கு ஆர்காவைக் குறைசொல்லும் முன் ஒலியைப் பாருங்கள். எச்டிஎம்ஐ மானிட்டரைச் செருகியதும் ஒலி அதற்குத் தாவியிருக்கலாம், அதில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும். வரைகலை இல்லாத உரைமுனையத்தைப் படிக்கும் ஈஸ்பீக்கப் என்ற மென்பொருள் ஒலி அட்டையைப் பிடித்துக்கொண்டாலும் இதே கதிதான். ஆர்காவே உறைந்திருந்தால் 'ஆர்கா --ரீப்ளேஸ்' கட்டளை மீட்கும். அதற்கு முதல் நாளே ஒரு குறுக்குவிசை அமைத்துவிடுங்கள். பேச்சு நின்றபின் பட்டியல்களைத் துழாவ முடியாது.

மடிக்கணினியில் கேப்ஸ் லாக்கை ஆர்கா விசையாக, அதாவது ஆர்கா கட்டளைகளுக்குச் சேர்த்து அழுத்தும் விசையாக, வைப்பது கைக்கு வசதி. ஆனால் தமிழ், ஆங்கில விசைப்பலகை அமைப்புகளுக்கு இடையே மாறும்போது அது சில நேரம் பழைய வேலைக்கே திரும்பி, எல்லாம் பெரிய எழுத்தாக விழும். ஆர்காவை மறுதொடக்கம் செய்தால் சரியாகும். தமிழில் நிறைய தட்டுபவர்கள், இன்சர்ட் விசை இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

ரூட் (நிர்வாகி) உரிமையில் திறக்கும் வரைகலைச் செயலிகள், மென்பொருள் நிறுவும் சினாப்டிக் போன்றவை, பெரும்பாலும் பேசாது: உங்கள் அமர்வின் அணுகல் பாதையோடு அவை இணைவதில்லை. மென்பொருள் நிறுவ முனையத்தில் சூடோ, ஆப்ட் கட்டளைகள் போதும், நேரமும் மிச்சம்.

ஆர்காவுக்குக் குரல் தரும் இஸ்பீக்-என்ஜியின் தமிழ்க் குரல் இயந்திரத்தனமானதுதான். வேகத்தைக் கூட்டியும் சொற்கள் பிரிந்து கேட்பதால் நாள் முழுக்க வேலைக்கு அதுவே தாங்கும். ஃபயர்பாக்ஸில் படிவம் நிரப்பும்போது மட்டும் ஆர்கா விசையோடு ஏ தட்டி ஃபோகஸ் நிலைக்கு மாறியதை உறுதிசெய்யுங்கள். இல்லையேல் தட்டும் எழுத்துகள் தலைப்புக்குத் தலைப்பு, இணைப்புக்கு இணைப்பு தாவ வைக்கும்.