பேர் வாசித்துக் கொடுப்பதா, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக் கூலிப் பட்டுவாடாவைப் பார்த்தவர்களுக்கு இது பாதி புரிந்த விஷயம்தான். எத்தீரியம் பிளாக்செயினில் தானாக ஓடும் நிரலுக்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று பேர். அதில் சேர்ந்த ஈதரை, அதாவது எத்தீரியத்தின் நாணயத்தை, பல கணக்குகளுக்குப் பிரிக்க இரண்டு வழி உண்டு. பேர் வாசித்துக் கையில் கொடுப்பது போல ஒரே லூப்பில் (பட்டியலில் ஒவ்வொருவருக்கும் திரும்ப ஓடும் கட்டளை), ஒரே பரிவர்த்தனையாக எல்லோருக்கும் அனுப்பலாம். இல்லை, அவரவர் பங்கை நோட்டில் எழுதிவைத்து, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம்.

லூப் எழுத எளிது. ஏற்காட்டில் மிளகு போட்டிருக்கும் எங்கள் பங்காளிகளின் கணக்கை மாதிரியாக வைத்து, செபோலியா என்ற எத்தீரியம் சோதனை நெட்வொர்க்கில் 14 முகவரிகளுக்கு அனுப்பிப் பார்த்தேன். ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. ஒன்பதாவது முகவரி, ஈதரை வாங்கும் ரிசீவ் ஃபங்ஷன் இல்லாத ஒரு கான்ட்ராக்ட். அது மறுத்ததும் முழுப் பரிவர்த்தனையும் ரிவர்ட் ஆனது, அதாவது ரத்தானது. முதல் எட்டுப் பேருக்குப் போனதும் திரும்பி வந்துவிட்டது. செலவான கேஸ் (பரிவர்த்தனையை ஓட்டும் வேலையின் அளவு, அதற்கு ஈதரில் கட்டணம்) மட்டும் போனது போனதுதான். இதையே ஒருவர் வேண்டுமென்றே செய்தால் மற்ற 13 பேரின் பணமும் முடங்கும். பட்டியல் ரொம்ப நீண்டால் கேஸ் வரம்பே தடுத்துவிடும்.

நோட்டு முறையில் இந்தக் கவலை இல்லை. ஒருவருடைய கோளாறு அவரோடு நிற்கும். ஆனால் செலவு கூடும். ஒவ்வொருவரும் தனிப் பரிவர்த்தனை போட வேண்டும், அதற்கு அடிப்படைக் கேஸே 21,000. 14 பேருக்கு 2,94,000. வாலெட்டில் (ஈதர் வைத்திருக்கும் அவரவர் கணக்கு) கொஞ்சம் ஈதர் இல்லாதவர் பட்டனையே அழுத்த முடியாது. வயதான சித்தப்பாக்களுக்கு இது நிஜமான சிரமம்.

இன்னொன்றில் கவனம் வேண்டும்: நோட்டில் பங்கைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் பணத்தை அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு அப்புறம் பூஜ்யமாக்கினால், பணம் வாங்கும் கான்ட்ராக்ட் அதற்குள் திரும்பத் திரும்ப வந்து கேட்கும். 2016 ஜூனில் எத்தீரியத்தில் ஓடிய கூட்டு முதலீட்டு நிதியான 'தி டாவோ'விலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் போனது இப்படித்தான்.

வகுத்தலில் மிஞ்சும் சில்லறை இரண்டுக்கும் பொது. 1 ஈதரை மூன்றாகப் பிரித்தால் 1 வெய் (ஈதரின் மிகச் சிறிய அலகு) நிற்கும். அது யாருக்கு என்று முன்பே எழுதிவிடுங்கள்.

நாலைந்து பேர், எல்லாம் தெரிந்த வாலெட் என்றால் லூப்பே போதும். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றால் நோட்டு முறைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மிளகுக் கணக்கை நானும் நோட்டுக்கு மாற்றிவிட்டேன். சித்தப்பாக்களின் பங்கை நானே கேஸ் கட்டி அவர்கள் முகவரிக்கு எடுத்துவிடும்படி ஒரு ஃபங்ஷனும் சேர்த்திருக்கிறேன்.